எட்டாம் கட்டில் கோடுகள்

அவளைத் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிக் குரல். கை அதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா வேலை. சுயநினைவு தப்பி, ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுகிற ஆளை நாலு ஆம்பளைகள் சேர்ந்தும் அமுக்க முடியாமல் போனால் பெரிய சிஸ்டர் ஒன்றுதான் சொல்வார்: "தகரத்தைக் கூப்பிடு." அவள் வந்து நெஞ்சில் முழங்கையை ஊன்றி, காதோரம் குனிந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்வாள். ஆள் அடங்கிவிடுவான். பாதி வலியில், பாதி வெட்கத்தில்.

அந்த வேலை கிடைத்ததே ஒரு அடியால்தான். கட்டினவன் அவளைத் தினமும் அடித்தான். சாப்பாடு ஆறியிருந்தால் ஒரு அடி, சுட்டுவிட்டால் ஒரு அடி. இருபத்தாறு வயசில் ஒரு மத்தியானம் அவள் கையில் அடுப்பு இடுக்கி இருந்தது. ஒரே போடு, அவனுடைய தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. அவளே தள்ளுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். எலும்பை நேராக்கும்போது அவன் துள்ளிய துள்ளலில் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. அவள்தான் ஏறி உட்கார்ந்து அமுக்கினாள். அப்போதிருந்த மேட்ரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரும்மா இவனை அடிச்சது?"

"நான்தாங்க."

"இப்பப் பிடிச்சிருக்கிறது?"

"அதுவும் நான்தாங்க."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வேலைக்கு வா."

கட்டினவன் மூன்றாம் நாள் மாவுக்கட்டோடு ஓடிப்போனவன்தான். திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நாலாம் வார்டு. வயிற்று நோய்க்காரப் பெண்களுக்கானது. பன்னிரண்டு கட்டில், ஒரே கக்கூஸ். பெட்பேன் வைப்பது, எடுப்பது, கழுவுவது, புரட்டிப் போட்டுத் துடைப்பது எல்லாம் அவள் பாடு. மூன்றாவதோடு படிப்பு நின்றுபோனதால் நோட்டில் எழுத வராது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கும். வயிற்றால் ஒரு தடவை போனால் அதில் சாக்பீஸால் ஒரு கோடு, வாந்தி எடுத்தால் ஒரு பெருக்கல் குறி. காலை ரவுண்டுக்கு வருகிற டாக்டர்கள் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து கம்பியைப் பார்ப்பார்கள். "ஒன்பது கோடு, சலைன் ஏத்து." "ரெண்டு கோடு, ரொட்டி கொடு." ரவுண்டு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த நாள் கணக்கை ஆரம்பிப்பாள். வருஷக்கணக்காகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அவளுடைய கோட்டை நம்பி மருந்து எழுதினார்கள். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. யாராவது இடித்துக்கொண்டு போய்க் கோடு கலைந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

பிறகு கொரோனா வந்தது.

வாசலில் கேட்காரர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடம் ஒரே கேள்வி: "இருமலா, வயிறா?" இருமல் என்றால் பின்பக்கம் இருந்த பழைய கட்டிடம். வயிறு என்றால் நாலாம் வார்டு. பின்பக்கக் கட்டிடத்துக்கு ஊரில் வேறு பெயர் விழுந்துவிட்டது: மூடின கட்டிடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவது பையில்தான் என்று பேச்சு. ஒரே வாரத்தில் ஊர் பாடம் படித்துவிட்டது. இருமலை அடக்கிக்கொண்டு, "வயிறுங்க, வயிறு மட்டும்தாங்க" என்றார்கள். உண்மையாகவே வயிறு மட்டும் கெட்டு வந்தவர்களும் இருந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பேதியும் வாந்தியும் சோற்றைக் கண்டால் வருகிற வெறுப்பும்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நோய் சிலருக்கு வயிற்று வழியாகத்தான் கதவைத் தட்டும் என்று கேட்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் கட்டிலில் தகரத்தின் தங்கச்சி படுத்திருந்தாள். குடல் முறுக்கிக்கொண்டு அடைத்துவிட்டது. கிழித்து, அழுகின ஒரு சாண் குடலை வெட்டியெடுத்துத் தைத்திருந்தார்கள். தொப்புளுக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் தையல். "இருமினாலே தையல் விட்டுடும், இந்த உடம்பு இன்னொரு நோயைத் தாங்காது" என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வயசுப் பையன் அவர், தூங்கி இரண்டு நாளாகியிருக்கும். உலகத்தில் தகரம் கை ஓங்காத ஒரே ஆள் அந்தத் தங்கச்சிதான். அம்மா போனபிறகு இடுப்பில் வைத்து வளர்த்த உடம்பு.

எட்டாம் கட்டில் காலியானது. அதில் வெங்காயக்காரியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

மொத்தச் சந்தையில் முப்பது வருஷம் வெங்காய மண்டி நடத்தியவள். மூட்டையை அவிழ்க்காமலே, முகர்ந்து பார்த்து, அடியில் அழுகல் எத்தனை என்று சொல்லிவிடுவாளாம். லாரிக்காரர்கள் அவள் மூக்குக்குப் பயந்துதான் நல்ல சரக்கு ஏற்றுவார்களாம். இதையெல்லாம் அவளுடைய மூத்த மகள் வந்த முதல் பத்து நிமிஷத்திலேயே வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மாவை நல்லாப் பாத்துக்க. இல்லேன்னா நடக்கறதே வேற."

"பாத்துக்கறேன். நீ முதல்ல கட்டில்லேருந்து எந்திரி. உன் வெயிட்டுக்கு ஸ்ப்ரிங் போயிடும்" என்றாள் தகரம்.

முதல் நாளே பதினோரு கோடு, நாலு பெருக்கல். தண்ணீராகப் போனது. வெங்காயக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தகரத்தைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், சலைன் பாட்டிலைத் திட்டினாள். தகரத்துக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெட்பேன் எடுத்திருப்பாள்! எடுக்கும்போது படுத்திருக்கிறவள் ராணியாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன்னுடைய நாற்றத்துக்கே மூக்கைச் சுளிக்காத மனுஷி கிடையாது. வெங்காயக்காரி சுளிக்கவில்லை. பெட்பேன் மூடியில்லாமல் முகத்துக்குப் பக்கத்தில் போனபோதும் கூரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் தகரம் சமையற்கட்டுக் குப்பையிலிருந்து அழுகின வெங்காயம் ஒன்றை எடுத்து வந்தாள். கொழகொழத்துப் போனது. அதைத் துணியில் சுற்றி வெங்காயக்காரியின் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"ஈரத்துணி. என்னத்துக்கு மூஞ்சியில வெக்கிற?"

"வேற ஒண்ணும் தெரியலையா?"

"வேற என்ன தெரியணும், உன் தலையா?"

பத்தாம் கட்டில்காரி அந்த நாற்றத்துக்கு ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். தகரம் வெங்காயத்தைத் துணியோடு ஜன்னல் வழியாக எறிந்தாள். மூடின கட்டிடத்தில் வேலை செய்கிற ஆயாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்: அங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வாசம் தெரிவதில்லை. எட்டாம் கட்டிலுக்கும் ஒன்பதாம் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடுகிற இடம்தான். கக்கூஸ் வேறு ஒன்றே ஒன்று.

மறுநாள் காலை ரவுண்டில் சின்ன டாக்டரை மறித்துக்கொண்டாள்.

"டாக்டர், எட்டாம் கட்டிலை மாத்துங்க. அது வெறும் பேதி இல்ல. நேத்துப் பதினாலு தடவை போயிருக்கு. மூக்கும் செத்துப்போச்சு."

டாக்டர் குனிந்து கம்பியைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மூணு கோடுதானே இருக்கு?"

தகரம் குனிந்தாள். மூன்றே கோடு. எண்ணி எண்ணிப் போட்ட கை அவளுடையது. முந்தின நாள் மத்தியானத்துக்குள் மட்டும் ஒன்பது போட்டிருந்தாள்.

"தூக்கமில்லாம உனக்கும் குழம்பிடுச்சு போல" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "கைவசம் இருக்கிற டெஸ்ட் இருமல்காரங்களுக்கே போதலை. இந்தம்மாவுக்குச் சரியாகிட்டு வருது. சலைனை நிறுத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடு."

வார்டே பார்த்தது. அவள் முகத்தில் யாரோ பெட்பேனைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அன்று பகல் முழுக்க ஒவ்வொரு கோட்டையும் போட்டுவிட்டு வாய்விட்டு எண்ணினாள். பார்வையாளர் நேரம் வரும்போது எட்டாம் கட்டிலில் பத்து கோடு. மணி அடித்ததும் மறைப்புத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மூத்த மகள் வந்தாள். கூடவே அவள் புருஷன், மண்டியில் மூட்டை தூக்குகிறவன், கதவு அகலத்துக்குத் தோள். மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கைக்குட்டையில் எச்சிலைத் துப்பிக் கால்மாட்டுக் கம்பியை அழுத்தித் துடைத்தாள். கணக்குப் பார்த்து மூன்று கோட்டை மட்டும் விட்டுவைத்தாள். தகரம் எட்டிப் பார்த்தாள். நாலாம் கட்டிலிலும் ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள், பதினொன்றாம் கட்டிலிலும். பத்துக் கோட்டுக்கு மேல் போனால் மூடின கட்டிடத்துக்குத் தூக்கிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கோடு என்றால் சாவுச்சீட்டு என்று நம்பி ஊரே அவள் கணக்கை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தது. அதை நம்பி டாக்டர் சலைனை நிறுத்திக்கொண்டிருந்தார்.

திரை விலகியதுதான் தெரியும். அறை விழுந்த சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. மூத்த மகள் மருந்து டிராலி மேல் போய் விழுந்தாள், பாட்டில்கள் நொறுங்கின.

"உங்கம்மாவைக் கொல்லப் பாக்கறியாடி? அவ உடம்புல தண்ணி இல்லாம செத்துட்டு இருக்கா, நீ கோட்டை அழிச்சு விளையாடறியா?"

"நீதான் கொல்லப் பாக்கற! அங்க அனுப்பிட்டு இந்தக் கட்டில்ல உன் ஆளைப் போடத்தானே?" மகள் எழுந்த வேகத்தில் தகரத்தின் முடியைப் பிடித்தாள். தகரம் அந்தக் கையின் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். விரல் உடைந்தது.

மருமகன் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கினான். முதல் வீச்சு தகரத்தின் தோளில் இறங்கியது. இரண்டாவதில் உதடு கிழிந்து ஒரு பல் போனது. "பொம்பளைன்னு பாக்கறேன்" என்றான் மூன்றாவதை ஓங்கிக்கொண்டு.

"பாக்காதடா" என்றாள் தகரம். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. கைக்கெட்டியது கட்டிலுக்கடியில் இருந்த பெட்பேன், எவர்சில்வர், நிறைந்தது. அப்படியே சுழற்றி அவன் மூக்கில் இறக்கினாள். மூக்கெலும்பு நொறுங்கியது. அவன் குப்புற விழுந்தான். பேனில் இருந்தது தரை, சுவர், அவன் மேல், அவள் மேல் எல்லாம் தெறித்தது. நாலைந்து சொட்டு ஒன்பதாம் கட்டில் போர்வையிலும் விழுந்தது.

அதைப் பார்த்ததும் தகரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா" என்றாள் தங்கச்சி, போர்வையைத் தொடாமல், இரண்டு கையையும் மேலே தூக்கியபடி. "அக்கா, என் மேல படலை. போர்வையிலதான். நீ அடிக்காத, போதும்."

தகரம் மூச்சுக்கூட விடாமல் போர்வையைச் சுருட்டி எடுத்தாள். அந்த நோய் அந்த வழியாகத் தொற்றுமா தொற்றாதா என்று அப்போது சின்ன டாக்டருக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தான் அடித்த அடி தங்கச்சி வரைக்கும் போய்விட்டது என்பதுதான்.

இந்த ரகளையில் வெங்காயக்காரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சண்டையை விலக்க எழுந்தவள் இரண்டு எட்டு வைத்துவிட்டுச் சரிந்து கிடந்தாள். உதடு நீலம். ஓடிவந்த சின்ன டாக்டர் ஆக்ஸிஜன் அளக்கிற கிளிப்பை எடுத்து அவள் விரலில் மாட்டினார். எண்பத்திரண்டு. கிளிப் கெட்டுப்போயிருக்கும் என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. மறுபடி அவளுக்கு மாட்டினார். எண்பத்தொன்று.

"இவ்வளவு குறைஞ்சும் மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார்.

அன்றைக்கே வெங்காயக்காரி மூடின கட்டிடத்துக்குப் போனாள். மூத்த மகள் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வராண்டா முழுக்க இழுபட்டுக்கொண்டே போனாள். நாலாம் வார்டைப் பூட்டி எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். நாலாம் கட்டில், பதினொன்றாம் கட்டில், இரண்டுக்கும் இருந்தது. ஒன்பதுக்கு இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் ஒன்பதுக்கு இல்லை. ஆனால் அதற்குள் தகரத்துக்கு வயிறு கலங்கிவிட்டது.

வார்டு நோட்டில் அதற்கு மூன்றே சொல்: வயிற்றுப்போக்கு, வாந்தி, பசியின்மை. எழுதினவருக்கு அது வந்ததில்லை. குடலை யாரோ ஈரத்துணி மாதிரிப் பிழிவார்கள். எழுந்து கக்கூஸ் கதவுக்குப் போவதற்குள் காலில் வழிந்துவிடும். வாந்தியில் வருவதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் கசப்பு மட்டும் மூக்கு வழியாக வந்து எரிக்கும். ரொட்டியைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகுதான் காய்ச்சல் வந்தது, அதற்கும் பிறகுதான் இருமல். மூடின கட்டிடத்தின் மாடியில் அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் வெங்காயக்காரி.

"வந்துட்டியா?" என்றாள் அவள், ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து. "என் மருமகன் மூக்கை உடைச்சல்ல, அனுபவி."

"பேசாம மூச்சை விடு. அதுவே உனக்குப் பாரம்."

ஆறு நாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில், மகளைப் பற்றிய ஒரு பேச்சைத் தவிர, மற்றதெல்லாம் வசவுதான். தகரத்தால் நிற்க முடிகிறபோது வெங்காயக்காரியைப் புரட்டிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டாள். துடைக்கிற கையைத் திட்டுவாள் அவள். பதிலுக்குத் தகரம் திட்டுவாள். ஏழாம் நாள் காலை திட்டு வரவில்லை. தகரம் எட்டித் தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள்.

அன்று பகலிலேயே தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் மூடின கட்டிடத்துக்குக் கீழே வந்து நின்று, "அக்கா!" என்று கூப்பிட்டாள். தகரம் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். கீழே தங்கச்சி தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றுத் தையலை அணைத்திருந்தது.

"நின்னு பேசாத, நடந்து போ! குனியாத! எதையும் தூக்காத!"

அந்தக் குரலைக் கேட்டதும் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தாள். வெங்காயக்காரியின் மூத்த மகள். விரலில் கட்டு. அம்மாவின் உடம்பையாவது காட்டச் சொல்லிக் காலையிலிருந்து அங்கேயே கிடந்தவள். மாடியில் தகரத்தைப் பார்த்தாள், கீழே தங்கச்சியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாய்ந்து தங்கச்சியின் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள்.

"உங்கக்கா எங்கம்மாவைக் கொன்னுட்டா! உன்னை அவ கண்ணு முன்னாடியே கிழிக்கறேன் பாரு!"

முழங்கால் வயிற்றை நோக்கி உயர்ந்தது. தங்கச்சி இரண்டு கையாலும் தையலைப் பொத்திக்கொண்டு மடங்கினாள். தகரம் கம்பியை உலுக்கினாள். ஒரு அங்குலம்கூட அசையவில்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது. கேட்காரர் தூரத்தில் மேசையை விட்டு எழுந்துகொண்டுதான் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கைக்கு எதுவும் எட்டவில்லை. மிச்சம் இருந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

"ஏய்! உங்கம்மா உன் காதுக்கு மருந்து விடச் சொன்னா!"

முழங்கால் பாதியில் நின்றது.

"மூத்தவளுக்குச் சின்ன வயசிலேருந்து காதுல சீழ் வடியும், மருந்தை மறந்துடுவா, ஞாபகப்படுத்துன்னு என்கிட்ட சொன்னா. நேத்துச் சொன்னா. நாலு தடவை சொன்னா. விடுடி அவளை!"

மகளின் கை முடியை விட்டது. தானாகவே போய்க் காதைப் பொத்திக்கொண்டது. தங்கச்சி சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். தையல் பிரிந்ததா என்று துணியை விலக்கிப் பார்த்தாள். பிரியவில்லை. மாடியைப் பார்த்து ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

"வேற என்ன சொன்னா?" கீழேயிருந்து மகள் கேட்டாள். அது அடிக்கிறவளின் குரலாக இல்லை.

தகரத்துக்கு மூச்சு முட்டியது. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பொய் சொல்லலாம். உன் பேரைச் சொல்லிச் சொல்லியே போனாள் என்று சொல்லலாம்.

"வேற ஒண்ணும் சொல்லலை. என்னைத்தான் திட்டிட்டு இருந்தா. கடைசி வரைக்கும்."

"எப்படித் திட்டுனா?"

"அசிங்கமாத் திட்டுனா."

"சொல்லு."

தகரம் சொன்னாள். இருமலுக்கு நடுவே, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வசவாக, வெங்காயக்காரி சொன்ன ராகத்திலேயே சொன்னாள். மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சிலதுக்குச் சிரிப்பு வந்தது, சிலதுக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, அப்படித்தான் சொல்லும். ஆமா" என்றாள். தடியோடு ஓடிவந்த கேட்காரர் யார் யாரைத் திட்டுகிறார்கள், யாரை விலக்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அந்தப் பக்கம் தங்கச்சி வயிற்றை அணைத்தபடி வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். அவள் திருப்பத்தில் மறையும் வரைக்கும் தகரம் நிறுத்தவில்லை. வசவு தீர்ந்துபோனபோது முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.